உஸ்தினா ஊட்டிய முகங்கள்

1933-ஆம் ஆண்டு வசந்தத்தில் உக்ரைனில், எங்கள் கார்கிவ் நகரத்தில் யாராவது கன்னம் உப்பி, கண் தெளிந்து, வயிறாரச் சாப்பிட்டவர் மாதிரி இருந்தார் என்றால், அவர் பெரும்பாலும் ஒரு புகைப்படத்துக்குள்தான் இருந்தார். அந்தக் கன்னத்தை வரைந்தவள் உஸ்தினா. மேலிடத்துக் கடைகளில் வாங்கித் தின்றவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, விட்டுவிடுங்கள்.

சந்தையை ஒட்டிய சந்தில், மாடியில், கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ. முன்பு அதற்கு ஒரு முதலாளி இருந்தார். புரட்சிக்குப் பிறகு அது கூட்டுறவு ஆயிற்று. முதலாளி போனார், உஸ்தினா இருந்தாள். சின்னப் பெண்ணாகத் தரை துடைக்க வந்தவள், நாற்பதைத் தாண்டியும் அதே ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் உள்நாட்டுச் சண்டைக்குப் போனான், போனவன் போனவன்தான். பிள்ளை கிடையாது. லோபான் ஆற்றங்கரையில் ஒரு அறை, ஒரு அடுப்பு, யாரையும் சும்மா விடாத வாய். “தனியா இருக்கியே உஸ்தினா, பயமா இல்ல?” என்று பக்கத்து அறைக்காரி கேட்டால், “என்னப் பாத்துப் பயப்பட ஒரு ஆளு வீட்டுல இல்லையேன்னுதான் வருத்தம்” என்பாள்.

அவள் வேலை டச்சிங். நெகட்டிவ் என்பது அப்போது கண்ணாடித் தகடு. அதில் எல்லாம் தலைகீழாக இருக்கும், வெளிச்சம் கறுப்பு, நிழல் வெளுப்பு. ஒட்டிப்போன கன்னத்தின் குழி அந்தத் தகட்டில் வெறும் கண்ணாடியாகத் தெரியும். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அந்த இடத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால், காகிதத்தில் படம் போடும்போது குழி மேடாகிவிடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், கழுத்து நரம்பு, நெற்றிப் பள்ளம் எல்லாவற்றுக்கும் அதே மருந்துதான்.

முன்பெல்லாம் கல்யாணப் பெண்ணின் மச்சத்தை எடுப்பாள், கிழவர்களின் சுருக்கத்தை இளக்குவாள், அவ்வளவுதான். போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் குழுப் படத்தை டச்சிங் செய்யாமல் தெரு ஜன்னலில் வைத்துவிட்டார்கள். தோல் கோட்டுப் போட்ட ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் வந்து நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு மாடியேறி வந்து, “இவங்களுக்கெல்லாம் உடம்புக்கு என்ன?” என்று மெதுவாகக் கேட்டார். ஸ்டூடியோ தலைவர் நிகானோருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது.

அவர் போனதும் நிகானோர் கதவைச் சாத்தினார். “கேட்டுக்க உஸ்தினா. இனிமே நம்ம கடையில இருந்து வெளிய போற மூஞ்சி ஒண்ணுகூட அந்த மாதிரி இருக்கக் கூடாது.”

“எந்த மாதிரி, நிகானோர் சாவிச்?”

“அதான், அந்த மாதிரி.”

“பேரு சொல்லுங்களேன். பேரு இல்லாத வியாதிக்கு நான் எப்படி வைத்தியம் பாக்கறது?”

“உன் வாயில மண்ணு விழ! சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுதானே கேக்கற?” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நாட்டில் பஞ்சமே இல்லை என்று அரசாங்கம் சாதித்த அந்த வருஷம், பசி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘சிரமங்கள்’ என்று சொல்வார்கள்.

அன்றிலிருந்து உஸ்தினா முகங்களுக்கு ஊட்ட ஆரம்பித்தாள். ஊட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவளே அப்படித்தான் நினைத்தாள். தகட்டைச் சாய்வு மேசையில் வைத்து, கீழே கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, முதலில் அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசிப்பாள். டிராம் ஓட்டுநருக்குக் கொழுப்பு மிதக்கும் போர்ஷ் பீட்ரூட் சூப், மேலே பாலாடை. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்குச் செர்ரி வைத்து வேகவைத்த வாரெனிகிக் கொழுக்கட்டை, தேன் ஊற்றி. புள்ளி வைக்க வைக்க அந்த வாசனை அவளுக்கே வரும். “இன்னும் ஒண்ணு சாப்பிடுங்க, என்ன வெக்கம், ஒரே ஒண்ணு” என்று உதடு முணுமுணுக்கும். மதியம் கூட்டுறவுச் சாப்பாட்டுக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்தது நாலு முட்டைக்கோஸ் இலை மிதக்கும் வெந்நீர். ஆனால் காலை முழுக்க விருந்து நடத்தியவளுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. பசித்த வயிறு கொடுக்கிற ஒரு மயக்கம் உண்டே, கால் தரையில் படாத மாதிரி, காது தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி, அதில்தான் அவள் அந்த மாதங்களைக் கடந்தாள்.

வாடிக்கையாளர்கள் சந்தோஷப்பட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். தூரத்திலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு ‘நாங்கள் நலம்’ என்று அனுப்ப ஒரு படம் வேண்டுமே. படத்தை வாங்கிப் பார்த்து, தன் பழைய முகத்தைத் தானே தடவிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. “கை நல்லா இருக்கணும் அத்தை” என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

பழக்கம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. விடியலில் ரொட்டிக் கடை வரிசையில் நிற்பாள். யாரும் நடுவில் நுழையாமலிருக்க முன்னால் நிற்பவரின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படி ஒரு முன்பின் தெரியாத ஆளின் முதுகில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகிறவர்களின் முகத்தில் மனசாலேயே புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். கிராமத்திலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டவர்களைக்கூட அவள் தூங்குகிறவர்களாக்கி, கன்னம் வைத்து, நிறம் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போனாள். பனி உருகியது. கஷ்கொட்டை மரங்கள் துளிர்த்தன. நகரமெல்லாம் கொழுகொழுவென்று மனிதர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள், அவள் கண்ணுக்கு. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததை எல்லாம் பார்த்தபடி பார்த்தவர்கள் பல பேருக்குப் புத்தி பேதலித்தது.

ஏப்ரலில் ஒருநாள் வெக்லா மாடியேறி வந்தாள். கிராமத்துப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதுகில் நாலு வயதுப் பையன், லாவ்ரின். கையில் பூவேலை செய்த நீளத் துண்டு ஒன்று, கல்யாணத்துக்கு அவளே தைத்தது. சந்தையில் அதற்கு ஒரு பீட்ரூட் அடைக்கு மேல் தர ஆளில்லை. நிகானோர் அதைத் தடவிப் பார்த்து, பின்திரைக்கு அலங்காரமாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டார்.

“நல்லா எடுங்க. யாருன்னு பாத்தாத் தெரியணும்” என்றாள் வெக்லா. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிள்ளையை நகரத்துத் தெருவில் விட்டால் காலையில் வண்டி வந்து எடுத்துப்போய்க் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கிறார்கள், அங்கே கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கிராமங்களில் பேச்சு. அம்மா கூட நின்றால் எடுக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெயரை மாற்றிவிடுகிறார்கள் என்றும் பேச்சு. திரும்பி வந்து கேட்க ஒரு அத்தாட்சி வேண்டும் என்றுதான் அவள் அந்தத் துண்டை அடைக்குக் கொடுக்காமல் படத்துக்குக் கொடுத்தாள்.

லாவ்ரினை நீலக் கடல் வரைந்த திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் ஆடவில்லை, அசையவில்லை, சிரிக்கச் சொன்னபோது சிரிக்கவுமில்லை. படமெடுக்க அவ்வளவு சுலபமான பிள்ளையை நிகானோர் அதற்கு முன் பார்த்ததில்லை.

உஸ்தினாவுக்கு என்னவோ அந்தத் தகட்டின் மேல் மனசு போய்விட்டது. வேறு யாருக்கும் செய்யாததை அவனுக்குச் செய்தாள். கறந்த சூட்டோடு பால். பாலாடைக்கட்டி வைத்த வாரெனிகி, வெண்ணெய் வழிய வழிய. கசகசா ரொட்டி, தேன். “மெதுவா தின்னுடா குட்டி, யாரும் புடுங்க மாட்டாங்க” என்று சொல்லிச் சொல்லிப் புள்ளி வைத்தாள். படம் காய்ந்து வந்தபோது அதில் பூரித்த கன்னத்தோடு ஒரு கொழுக் மொழுக் பையன் உட்கார்ந்திருந்தான். அவள் வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல வேலை செய்ததில்லை.

வெக்லா படத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. “ஆமா, இதான் எங்க லாவ்ரின். கோடையில இப்படித்தான் இருந்தான்” என்றாள். படத்தை முத்தமிட்டு மார்புக்குள் வைத்துக்கொண்டு, பையனை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் விடிகிற நேரத்தில் ஒரு மருந்துக் கடைப் படியில் அவனை உட்கார வைத்துவிட்டு, எதிர்ச் சந்தில் மறைந்து நின்று வண்டி வந்து எடுத்துப்போகும்வரை பார்த்தாளாம். இது உஸ்தினாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் புதுத் தானியம் வந்தது. வெக்லா எப்படியோ பிழைத்து, ஒரு அரசுப் பண்ணையில் களையெடுக்கும் வேலை பிடித்து, பையில் ஒரு முழு ரொட்டியோடு நகரத்துக்கு வந்தாள். நேரே இல்லத்துக்குப் போனாள். அம்மா என்று சொன்னால் பிள்ளையை விட்டுப்போன குற்றத்துக்குப் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று பயந்து, சித்தி என்று சொல்லிப் படத்தை நீட்டினாள். வாசலில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார்களாம். “ஏம்மா, கிண்டலா? ஏப்ரல்ல இந்தக் கன்னத்தோட ஒரு பிள்ளை இங்க வந்துச்சா? போ, போ” என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அங்கிருந்து ஸ்டூடியோவுக்கு வந்து, படியேறிய மூச்சோடு உஸ்தினாவின் மேசை முன்னால் நின்றாள். நடந்ததெல்லாம் சொல்லிக்கொண்டே படத்தை நீட்டினாள்.

“அத்தை, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு இங்க வந்தப்போ அவன் எப்படி இருந்தான்?”

உஸ்தினா பென்சிலைக் கீழே வைத்தாள். “உனக்குத் தெரியாதா? பெத்தவ நீதானே?”

“ஞாபகம் வரமாட்டேங்குது. இந்தப் படத்தையே பாத்துப் பாத்து இதுதான் வருது. கண்ண மூடினா இந்தக் கன்னந்தான். அன்னிக்கு இருந்த மூஞ்சி எனக்குப் போயே போச்சு.” அவள் அழவில்லை. வழி கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டு நின்றாள். “நீங்க பாத்தீங்களே. ரொம்ப நேரம் பாத்திருப்பீங்களே.”

பார்த்தாள்தான். அரை நாள் அந்தப் பிள்ளையின் முகத்தை விரற்கடை தூரத்தில் வைத்துப் பார்த்தவள். ஆனால் உஸ்தினாவுக்கும் பாலும் வெண்ணெயும்தான் ஞாபகம் வந்தன. ‘அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே’ என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

பழைய தகடுகளைக் கழுவி மறுபடி மருந்து பூசுவது வழக்கம். நல்லவேளை, ஏப்ரல் தகடுகள் இன்னும் அலமாரியில் இருந்தன. லாவ்ரினின் தகட்டை எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் நனைத்து, அவள் துடைக்க ஆரம்பித்தபோது நிகானோர் பார்த்துவிட்டார்.

“என்ன பண்றே?”

“ஊட்டினத வாந்தியெடுக்க வைக்கறேன்.”

“பைத்தியமா உனக்கு? அந்த மூஞ்சி வெளிய போச்சுன்னா நீயும் நானும் உள்ள போவோம்!”

“நீங்க போக வேணாம். நாந்தான் போட்டேன்னு சொல்லுங்க. பொய் இல்லையே.”

நிகானோர் வெக்லாவைப் பார்த்தார், திரையில் தொங்கிய பூவேலைத் துண்டைப் பார்த்தார். “எனக்குத் தலை வலிக்குது, டீ குடிக்கப் போறேன். வர நேரமாகும்” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த ஆளை நான் எத்தனையோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் திட்ட மனசு வரவில்லை.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் காகிதத்தைத் தொட்டியில் நனைத்து ஆட்டினாள் உஸ்தினா. தண்ணீருக்குள்ளிருந்து முகம் மெல்ல வந்தது. முதலில் கண்கள், அந்த முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள். பிறகு ஒரு கிழவனின் நெற்றி. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பும் நிழலும். நாலு வயது என்று யாராவது சொன்னால்தான் நம்பலாம். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்த காது திறந்துகொண்ட மாதிரி, கீழே சந்தையின் இரைச்சல் அவளுக்குத் திடீரென்று கேட்டது. இவனையா நான் பார்த்தேன், பார்க்கவே இல்லையே என்று நினைத்தாள்.

ஈரப் படத்தை வாங்கிய வெக்லா முதலில் பின்வாங்கினாள். “இது யாரு? இது என் பையன் இல்ல.” பிறகு காதைப் பார்த்தாள். இடது காதின் மேல் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. வாத்து கொத்தியது. உஸ்தினா எந்தப் படத்திலும் காதைத் தொட்டதில்லை, காதுக்கு யார் டச்சிங் செய்கிறார்கள்? அந்தக் காதிலிருந்து ஆரம்பித்து வெக்லா மற்றதைப் பார்த்தாள். “ஐயோ என் சாமி, ஐயோ என் தங்கமே, இப்படியா இருந்தே, இப்படியா உன்ன விட்டுட்டுப் போனேன்” என்று அந்தப் பயங்கரமான முகத்தை விடாமல் முத்தமிட்டாள்.

இரண்டு பேரும் இல்லத்துக்குப் போனார்கள். வெக்லாவை எதிர்ப்பக்கம் லிண்டன் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, நகரத்து அடையாளச் சீட்டு வைத்திருந்த உஸ்தினா மட்டும் உள்ளே போனாள். நான்தான் பெரியம்மா என்றாள். ஸினோவியா என்ற தாதி படத்தை வாங்கிப் பார்த்தாள். நல்ல பெண்தான், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

“இந்த மூஞ்சியா?” என்றாள். “தோழர், இங்க வந்த எல்லாருக்கும் இதே மூஞ்சிதான். வந்து நீங்களே பாருங்க.”

நீளமான கூடம். மொட்டையடித்த தலைகள் வரிசை வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தன. ஓடவில்லை, கத்தவில்லை. எல்லாம் வாசல் பக்கம் திரும்பின. உஸ்தினா ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசிவரை போய், நம்பாமல் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். வெட்டுப்பட்ட காது இல்லை.

“ஏப்ரல்ல வந்தவங்கள்ல இப்ப இருக்கறது கொஞ்சந்தான்” என்றாள் ஸினோவியா, கூடத்தைப் பார்க்காமல். “பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, மனசு கேக்கலன்னா.”

“லாவ்ரின்!” என்று கூப்பிட்டாள் உஸ்தினா.

ஒரு பையன் எழுந்தான். பிறகு இன்னொருவன். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்ணும் எழுந்து நின்றது. எந்தப் பெயரைச் சொன்னாலும் யாராவது எழுந்திருப்பார்கள் என்று உஸ்தினாவுக்குப் புரிந்தபோது, முதலில் எழுந்தவன் வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரலைப் பிரித்துவிடப் பார்த்தாள். அவன் விடவில்லை.

“தோழர், கூட்டிட்டுப் போங்க” என்றாள் ஸினோவியா. “நான் லாவ்ரின்னு எழுதிக்கறேன்.”

உஸ்தினா ஒரு கையில் படமும் மறு கையில் பையனுமாகத் தெருவைக் கடந்தாள். வெக்லா எழுந்து ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றாள். பையனின் முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், உஸ்தினாவைப் பார்த்தாள். உஸ்தினா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

வெக்லா அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் முதுகு மட்டும் குலுங்கியது. பையன் பயந்து போனான். தன்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ, கிட்டே போய் அவள் தோளைத் தொட்டு,

“நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்” என்றான்.

வெக்லா தலையைத் தூக்கினாள். அவனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து ரொட்டியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். “மெதுவா மென்னு தின்னணும். ஒரேயடியா முழுங்கினா வயித்த வலிக்கும்.” பிடித்த ரொட்டியைக் கீழே விடாமல் அவன் பைக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே பூரித்த கன்னத்துப் பையனின் படம் கிடந்தது.

“இது யாரு?”

வெக்லா அதை வெளியே எடுத்துக் காட்டினாள். “நீதான்” என்றாள். “கொஞ்ச நாள்ல இப்படி ஆயிடுவே.”

அவன் நம்பிக்கையில்லாமல் படத்தையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மென்றான். வெக்லா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, உஸ்தினா கையில் இன்னும் ஈரம் காயாமலிருந்த அந்த மற்றப் படத்தை வாங்கி முத்தமிட்டு, திரும்ப அவளிடமே நீட்டினாள்.

“இந்தப் படத்த நீங்க வச்சுக்கங்க, அத்தை. என்னால இத வீட்டுல வச்சுக்கிட்டு இவனுக்குச் சோறு போட முடியாது. ஆனா கிழிச்சிடாதீங்க, மறுபடியும் கன்னம் வச்சிடாதீங்க. என் பிள்ளை இப்படித்தான் போனான்னு யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கணும்.”

உஸ்தினா அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.